வானில் சிறைப்பட்டோர்

"எந்நேரமும் கண்ணீர்ப் படங்களைப் பற்றியே எழுதுகிறீர்களே, நெஞ்சு படபடக்கப் பார்க்கும்படியான படம் ஒன்றைச் சொல்லக் கூடாதா?" என்று அன்பர்கள் சிலர் நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டனர். குறை நியாயமானதே. ஆகவே சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலைக்கு அருகே ஓர் அன்பர் இல்லத்தில், சங்கத்துக் குடும்பங்கள் சில கூடியிருக்க, 'பயணம்' என்னும் படத்தைக் கண்டோம். சுவரில் வேட்டி கட்டித்தான் காட்டினர். மழையால் இருமுறை மின்சாரம் நின்றது. நின்றபோதெல்லாம், விமானத்தில் அகப்பட்டவர்கள் என்ன ஆனார்களோ என்று இருட்டிலேயே வாதம் நடந்தது. படத்துக்கு அதைவிட வேறு நற்சான்று வேண்டுவதில்லை.

ராதாமோகன் இயக்கி 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் இது. தெலுங்கில் 'ககனம்' என்ற பெயருடன் வந்தது. சென்னையிலிருந்து டில்லி செல்லும் விமானத்தைப் பயங்கரவாதிகள் கைப்பற்றுகின்றனர். விமானம் பழுதுபட்டுத் திருப்பதியில் இறங்குகிறது. சிறையிலிருக்கும் தம் தலைவனை விடுதலை செய்ய வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அரசின் சார்பில் உள்துறைச் செயலாளராகப் பிரகாஷ்ராஜும், அதிரடிப்படை மேஜராக நாகார்ஜுனாவும் நடித்துள்ளனர்.

இத்தகைய கதை என்றால் துப்பாக்கி முழக்கமே மிகுந்திருக்கும் என்று எண்ணிச் சென்றோம். படத்தின் சிறப்போ பயணிகளிடத்தில் இருக்கிறது. அவர்களுள் ஒரு சினிமா நடிகர். திரையில் ஊரையே அடித்து வீழ்த்துபவர், இங்கே நாற்காலியில் ஒடுங்கிச் செய்வதறியாது அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய ரசிகர்! நம் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே கூட்டத்தில் ஒரு பாட்டி மட்டும், "அந்தக் குழந்தைகளுக்குச் சோறு தண்ணீர் கொடுத்தார்களா, இல்லையா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கத் தகுந்த கேள்விதான்.

ஓரிடத்தில் மட்டும் கதாசிரியர் நம்மை எளிதில் தப்பவிட்டு விட்டார். விடுவிக்க வேண்டிய கைதி விபத்தில் இறந்துபோக, அவனைப் போன்ற சாயலுள்ள ஒருவனைத் தேடிப் பயிற்றுவித்து அனுப்புகின்றனர். சாமர்த்தியமான திருப்பம், ஐயமில்லை. ஆனால் கைதியை விடுவதா, பயணிகளைக் கைவிடுவதா என்ற கொடிய வினா அத்துடன் கரைந்து போகிறது. உண்மை வாழ்வில் இத்தகைய சாயல்காரர் கிடைப்பதில்லை.

நம் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கப்பட்ட அதே 1999-ஆம் ஆண்டு, டிசம்பர் 24 அன்று, காத்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஐவர் கடத்தினர். எரிபொருள் போதாமல் விமானம் அமிர்தசரஸில் இறங்கி முக்கால் மணி நேரம் அளவில் நின்றது. அதைத் தடுத்து நிறுத்துவதற்குள் மீண்டும் பறந்துவிட்டது. பின்னர் லாகூர், துபாய்க்கு அருகிலுள்ள விமானத்தளம், முடிவில் ஆப்கானிஸ்தானத்துக் கந்தஹார். தேனிலவு முடிந்து மனைவியுடன் திரும்பிய இளைஞர் ஒருவரைக் குத்திக் கொன்றனர். டில்லியிலே உறவினர்கள் பிரதமர் இல்லத்தின் முன் கூடி, எதைக் கொடுத்தேனும் எங்கள் மக்களை மீட்டுத் தாருங்கள் என்று கதறினர். டிசம்பர் 31 அன்று மூன்று சிறைவாசிகளை விடுவித்து மற்றவர்களை மீட்டனர். அம்மூவருள் ஒருவரான மசூத் அசார் பின்னர் ஜெய்ஷ்-இ-முகமது என்னும் இயக்கத்தைத் தொடங்கினார் என்பதும் மறக்கத் தக்கதன்று.

அதே அமிர்தசரஸில், 1993 ஏப்ரலில், கடத்தப்பட்ட மற்றொரு விமானத்தினுள் தேசியப் பாதுகாப்புப் படையினர் நள்ளிரவுக்குப் பின் புகுந்து, கடத்தியவனை வீழ்த்திப் பயணிகள் அனைவரையும் உயிருடன் மீட்டனர். சினிமாவில் நாம் கைதட்டும் காட்சி அங்கே உண்மையாகவே நிகழ்ந்தது. ஆனால் அன்று கடத்தியவன் ஒருவனே. விமானமும் இடம்விட்டு நகரவில்லை.

படம் முடிந்து தேநீர் வந்தபோது இதுவே பேச்சாயிற்று. கடைவீதியில் வாணிகம் செய்யும் நம் அன்பர் ஒருவர், "1999-இல் விட்டிருக்கவே கூடாது. நாடு முதலா, நூற்றைம்பது பேர் முதலா?" என்று உரத்துக் கூறினார். பலர் ஆமென்றனர். நாமும் தலையசைத்தோம் என்பதை மறைப்பானேன்? அப்போது அவர் மனைவியார், தம்ளர்களை எடுத்தபடியே, "நம்ம பையன் அதில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டார். பையன் துபாயில் வேலை பார்க்கிறான். ஆண்டுக்கொரு முறை நெடும்பாசேரிக்கு வந்து இறங்குகிறான். அன்பர் விடை கூறவில்லை. தலையசைத்த நம்மிலும் எவரும் வாய் திறக்கவில்லை.

இவ்வகையில் மேலும் இரண்டு படங்களைக் குறிப்பிடலாம். நம் அண்டைவீட்டு மலையாள நண்பர்கள் பரிந்துரைத்தது, மேஜர் ரவி இயக்கி மோகன்லால் நடித்த 'காண்டஹார்' (2010). அமிதாப் பச்சன் நடித்த முதல் மலையாளப் படம். வீரம் மிகுதி, மனிதர்கள் குறைவு என்பது நம் எண்ணம். நண்பர்கள் பொறுத்தருள்க. மற்றது இந்தியில் வந்த 'நீர்ஜா' (2016). 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானம் கைப்பற்றப்பட்டபோது, விமானப் பணிப்பெண் நீர்ஜா பானோட் விமானிகளுக்கு எச்சரிக்கை செய்தார். அவர்கள் வெளியேறிவிடவே விமானம் தரையை விட்டு எழ இயலாமற் போயிற்று. பயணிகள் தப்ப உதவிய அவர் குண்டுபட்டு இறந்தார். 23 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தன. மறைவுக்குப் பின் அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. வளர்ந்த பெண்மக்களுடன் அமர்ந்து காணத்தக்க படம்.

'பயணம்' படத்தைப் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்க்குக் காட்ட வேண்டாம். கோடை விடுமுறைக்கு விமானத்தில் ஊர் செல்லவிருக்கும் குடும்பத்தினர், சென்று திரும்பிய பின் பார்ப்பது நலம். அந்த அன்பர் வீட்டிலிருந்து அன்றிரவே துபாய்க்குத் தொலைபேசி போயிற்றாம். பையன் நல்ல உறக்கத்தில் இருந்தானாம். "எதற்கம்மா இந்நேரத்தில்?" என்று கேட்டிருக்கிறான்.