ராப் ஸாம்பிக்குப் புகழ் தந்த பரிசா சினிமா?

"ராக் பாடகராகப் பெயர் வாங்கினார், அந்தப் பெயரைக் காட்டி இயக்குநர் ஆகிவிட்டார்." ராப் ஸாம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹாரர் ரசிகர்கள் பலரும் சொல்வது இதுதான். அதற்கு மூன்று காரணங்கள் காட்டுகிறார்கள். 1998இன் 'ஹெல்பில்லி டீலக்ஸ்' தொகுப்பிலுள்ள 'லிவிங் டெட் கேர்ள்' பாடலுக்கு, ஜோசப் கானுடன் சேர்ந்து அவர் இயக்கிய வீடியோவை ஊன்றிப் பார்த்தவர்களால் அவற்றில் ஒன்றைக்கூட ஏற்க முடியாது.

முதல் காரணம்: புகழ்தான் கேமராவைக் கையில் கொடுத்தது. உண்மையில் படமும் பாட்டும் அவரிடம் சேர்ந்தே வளர்ந்தன. நியூயார்க்கின் பார்சன்ஸ் கலைப்பள்ளியில் படித்தவர் அவர். தன் இசைக்குழுவுக்கு வைத்த 'வைட் ஸாம்பி' என்ற பெயரே பெலா லுகோசி நடித்த 1932ஆம் ஆண்டுப் படத்தினுடையது. அக்குழுவின் 'மோர் ஹியூமன் தேன் ஹியூமன்' பாடல் வீடியோவை அவரே இயக்கினார். 1995இல் அது எம்டிவி விருது பெற்றது. புகழால் எல்லாம் நடந்துவிடும் என்றால், 2000இல் எடுத்த முதல் படம் 'ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்ஸஸ்' ஏன் முடங்கியது? தயாரித்த யுனிவர்சல் நிறுவனமே வெளியிட மறுத்தது. லயன்ஸ் கேட் வழியாக 2003இல்தான் அது திரைக்கு வந்தது.

இரண்டாவது: அந்த வீடியோ 1920இன் ஜெர்மானிய மௌனப்படம் 'டாக்டர் காலிகாரியின் பெட்டி'யின் வெறும் நகல். கோணல்மாணலான தீட்டிய சுவர்களும், மங்கிய நிறமும், பழைய பிலிமின் கீறல்களும் ராபர்ட் வீனேயின் அப்படத்தை நினைவூட்டுவது உண்மை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்த மௌனத்தின் மேல் அவர் ஏற்றியது இயந்திரத் தாளமும் முரட்டு கிடாரும். வீனேயின் படத்தில் சந்தைக் கூடாரத்தில் காட்சிக்கு வைக்கப்படுபவன் தூக்கத்தில் நடக்கும் ஓர் ஆண். இங்கே அந்த இடத்தில் ஷெரி மூன் என்ற பெண். அவளைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் வித்தைக்காரர் ஸாம்பியே. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தெரிந்து செய்த வேலை இது. இயக்குநரின் வேலையும் இதுதான்.

மூன்றாவது: அவருடைய படங்கள் நீட்டிய மியூசிக் வீடியோக்கள். முதல் படத்தைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நெகட்டிவ் நிறங்களும் இடைச்செருகல் துண்டுகளும் அதில் அதிகம். ஆனால் 2005இல் வந்த 'தி டெவில்ஸ் ரிஜெக்ட்ஸ்' அந்த ஜாலங்களை உதறிவிட்டது. சூப்பர் 16 பிலிமில் எடுக்கப்பட்ட அது, எழுபதுகளின் புழுதி படிந்த சாலைப்படம் போலவே இருக்கிறது. வீடியோவிலிருந்து படங்களுக்கு வந்தது வெட்டும் வேகமல்ல, ஓர் அக்கறை: பயங்கரத்தைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்ப்பவன் யார், அதைக் காசு கொடுத்துப் பார்ப்பவர் யார்? முதல் படத்தில் சிட் ஹெய்க் நடித்த கேப்டன் ஸ்பால்டிங் நடத்தும் சாலையோர அரக்கர் காட்சியகம், காலிகாரியின் கூடாரத்துக்கு நேர் வாரிசு.

ராப் ஸாம்பியின் படங்கள் பிடிக்காமல் போகலாம். அவற்றின் வன்முறையை ஏற்காமலும் இருக்கலாம். அந்த விவாதத்தைப் படங்களை வைத்தே நடத்துவோம். பாடகர் என்பதற்காகவே ஒருவரை இயக்குநர் அல்ல என்று தள்ளுவது விமர்சனம் ஆகாது.