அடுக்களைக்கு ஒரு சட்டம், முகத்துக்கு ஒரு சட்டம்

இந்த வாரம் எனக்குக் கோபம். அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். சாமான் பட்டியலோடு அவளையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக் கீழ ராஜவீதிக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார்கள். மூடியில் ஒரு தென்னை மரம், அதைச் சுற்றிப் பச்சை இலை, கீழே ‘100 சதவீதம் ஆர்கானிக், கெமிக்கல் இல்லாதது’ என்று கொட்டை எழுத்து. தேங்காய் எண்ணெயில் செய்த முகக் களிம்பாம். இருப்பது 25 கிராம். விலையோ, நல்ல மரச்செக்கு எண்ணெய் ஒரு லிட்டர் வாங்குகிற அளவுக்கு. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது.

“இதுல என்னம்மா போட்டிருக்கு?”

“எல்லாம் நேச்சுரல்தாங்க்கா. எடுத்துச் சாப்பிடவே செய்யலாம்.”

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து நின்ற காலோடு, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறவள். கோபமெல்லாம் அந்த டப்பாவை அச்சடித்தவர் மேல்தான்.

லேபிள்கள் மேல் எனக்கிருக்கும் தீராத வழக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. பிஸ்கட் பாக்கெட், இருமல் மருந்து, பூச்சிமருந்து டின் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். இப்போது முகக் களிம்பின் முறை. மத்திய அரசின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இல் வந்தன. ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கிற பொருள்களை, எது அதிகமோ அதை முதலில் வைத்து, வரிசையாக அச்சிட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் சேர்ப்பதை அதன்பின் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு விதி போதும், பாதி ஏமாற்று வெளிச்சத்துக்கு வந்துவிடும். மூடியில் கற்றாழைப் படம் போட்டு, பட்டியலில் கற்றாழையைக் கடைசிக்கு முந்தி வைத்திருந்தால், அது பேருக்குத்தான் சேர்த்தது என்று தெரிந்துபோகும்.

ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. 30 கிராமுக்குக் குறைந்த களிம்புக்கும், 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் அந்தப் பட்டியல் தேவையில்லை. முகத்துக்குப் பூசுகிற சீரமும் களிம்பும் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. எதை நாம் மிகக் குறைவாக வாங்கி மிக அருகில் பூசிக்கொள்கிறோமோ, அதற்குத்தான் பட்டியல் வேண்டாமாம். இந்த விலக்கை யார் எந்தக் காலத்தில் கேட்டு வாங்கினார்களோ, இனிமேலாவது எடுத்துவிட வேண்டும். பட்டியல் இல்லாவிட்டாலும் 25 கிராம் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி ஆகியவை இருந்தே ஆக வேண்டும். உரிம எண்ணே இல்லாத டப்பாவை அப்படியே கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள்.

‘கெமிக்கல் இல்லாதது’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு உறையாது. ஆட்டுப்பால் சோப்பானாலும் குப்பைமேனி சோப்பானாலும் அதுதான் கதை. தண்ணீர் கலந்த எந்தக் க்ரீமிலும் கிருமி வளரும், அதைத் தடுக்க ஏதாவது ஒரு பதப்படுத்தி வேண்டும். தண்ணீர் கலந்த க்ரீமைப் பதப்படுத்தியே சேர்க்கவில்லை என்று சொல்லி ஆறு மாதம் வைத்து விற்கிறவரிடம்தான் எனக்குப் பயம். நலங்கு மாவும் எண்ணெயும் வேறு வகை. அவற்றில் தண்ணீர் இல்லை, ஈரம் படாமல் வைத்தால் தாங்கும்.

‘மூலிகை’ என்ற பேரோடு ஏழே நாளில் வெளுப்பாக்குகிறேன் என்று வருகிற க்ரீம்களை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை, 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். மருத்துவர்கள் சந்தேகித்தது பாதரசத்தை. தோலில் கருநிறம் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் சீக்கிரம் வெளுத்த மாதிரித் தெரியும், அதுவே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்பது ஆறுதல். ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற மருத்துவ இதழில் வந்த செய்தி இது.

இத்தோடு பத்தியை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மூடியில் இருந்த அந்தத் தென்னை மரம் என்னை விடவில்லை. யார் தோட்டத்து மரம் அது? எனக்குத் தெரிந்த தென்னந்தோப்பு கீரமங்கலம் பக்கம் இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனபோது, அங்கே ஒரு தலைமுறை வளர்த்த மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் என்று எந்தப் பக்கம் போனாலும் வானம் தெரிந்தது. தென்னந்தோப்புக்காரனுக்கு அதைவிடக் கொடிய காட்சி இல்லை. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. நாட்டு ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அந்த வெறும் மண்ணில் மறுபடி கன்று வைத்தார். வைக்கும்போதே, இனி இந்தத் தோப்பில் வேரில் மருந்து கட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். தென்னை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டும் புழுவும் விழுந்தால் மரத்தடியில் தோண்டி, பென்சில் பருமனுள்ள இளவேர் ஒன்றைப் பார்த்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மோனோகுரோட்டோபாஸ் ஊற்றிய சின்னப் பாலித்தீன் பைக்குள் விட்டுக் கட்டிவந்தார்கள். மரம் அதை உறிஞ்சி உச்சிவரை ஏற்றிக்கொள்ளும். அதன்பிறகு ஒன்றரை மாதம் காய் பறிக்கக் கூடாது என்பது வேளாண் துறை சொன்ன கணக்கு. விலை ஏறி, வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது அந்தக் கணக்கை எத்தனை பேரால் காப்பாற்ற முடிந்திருக்கும்?

கீரனூர் பக்கத்தில், ஒடுகம்பட்டியில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் தோழர்களும் தரிசைத் தோப்பாக்கிய கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. நம் மாவட்டத்தில் ரசாயனம் இல்லாத விவசாயம் என்ற பேச்சு வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. அண்ணன் அங்கே போய் வந்த ஆள். இப்போது அங்கக, அதாவது ஆர்கானிக், சான்றிதழுக்குப் பதிவு செய்திருக்கிறார். தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருஷம் மாற்றுக் காலம். அது முடிந்தபின் பறிக்கிற காயைத்தான் அங்கக விளைபொருள் என்று விற்கலாம். நோட்டு ஒன்று போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்: எந்தத் தேதியில் எத்தனை வண்டி எரு, எப்போது பஞ்சகவ்யம், சணப்பை எப்போது மடக்கி உழுதது. ஆய்வுக்கு வந்தவர் கேட்ட கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல நான் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து வயலில் மருந்து அடித்தால் சாரல் எந்தப் பக்கம் வரும், நடுவில் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள், மேட்டு வயலிலிருந்து தண்ணீர் வழிந்து உள்ளே வருகிறதா, தெளிப்பான் சொந்தமா வாடகையா. காய் அள்ளுகிற சாக்கைக்கூடப் பிரித்துப் பார்த்தாராம், பழைய யூரியா சாக்காக இருந்துவிடக் கூடாது என்று.

“சாக்கு வரைக்கும் பார்க்கிறாங்களேம்மா, பார்க்கட்டும். சரியாத்தானே இருக்கு. ஆனா காய் எடுக்க வர்ற வியாபாரி, எல்லாருக்கும் என்ன விலையோ அதையேதான் எனக்கும் தர்றான்” என்றார்.

காய் செக்குக்குப் போனாலும் விதி கூடவே போகும். முதலில் மற்ற கொப்பரையை ஆட்டியிருந்தால் செக்கைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இந்தக் கொப்பரையைப் போட வேண்டும். அப்படி ஆட்டிய எண்ணெயைச் சமையலுக்கென்று பாட்டிலில் அடைத்து ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்து விற்பதற்கு, 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இரண்டே வழி வைத்திருக்கிறது. ஒன்று, தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று. மற்றது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பி.ஜி.எஸ். முறை. நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு மட்டும் விலக்கு உண்டு, அது நியாயமானது.

இப்போது அந்த 25 கிராம் டப்பாவுக்கு வாருங்கள். தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா என்று நீதிமன்றத்திலேயே பல வருஷம் வழக்கு நடந்தது. 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது: சின்ன பாட்டிலில் வந்தாலும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெய்தான், தலைக்கு என்று அடைத்து அதற்குரிய விதிப்படி லேபிள் ஒட்டினால்தான் அது கூந்தல் எண்ணெய். வரிக்காக நடந்த வழக்கு. ஆனால் எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரே மரம், ஒரே காய், ஒரே செக்கு. லேபிளை மாற்றி ஒட்டியதும் சட்டமே மாறிவிடுகிறது. அடுக்களை அலமாரியில் இருக்கும்வரை ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்கு மூன்று வருஷ நோட்டும் சாக்குப் பரிசோதனையும் வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால், யார் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்று அழகுசாதன விதிகள் வரையறுக்கவே இல்லை. பொய்யான, தவறாக எண்ண வைக்கிற வாசகம் கூடாது என்ற பொது விதி உண்டு. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலும், நேச்சுரல், ஆர்கானிக் போன்ற சொற்களை ஆதாரம் காட்டாமல் போடக் கூடாது என்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் அந்த அண்ணனிடம் ஆய்வாளர் முதலிலேயே வந்து கேட்கிறார். டப்பாக்காரரிடம், யாராவது புகார் கொடுத்த பிறகுதான் கேள்வி வரும். புகார் கொடுக்க 1915 என்ற எண் இருக்கிறது, இலவசம்தான், கூச்சப்படாமல் அழையுங்கள்.

கல்யாணப் பெண்ணுக்கு என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். ஆலங்குடி பக்கம் ஒரு மரச்செக்கில் எண்ணெய். செக்குக்காரரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: கொப்பரை கந்தகப் புகை போட்டதா, வெயிலில் காய்ந்ததா? பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகம் போடுகிறார்கள். போடாத கொப்பரை கொஞ்சம் நிறம் மங்கித்தான் இருக்கும், பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்பதற்குப் பாட்டி சாட்சி மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். மினரல் ஆயிலைவிட நன்றாகவே கேட்டது. ஆனால் முகப்பரு வருகிற முகத்துக்கு இது வேண்டாம், துளைகளை அடைத்துக்கொண்டு இன்னும் கூட்டிவிடும். என் அக்கா மகளுக்கு நெற்றியில் பரு வரும், அதனால் எண்ணெய் கைகாலுக்கு மட்டும்.

கஸ்தூரி மஞ்சள் விஷயம் தனியாக எழுத வேண்டியது. சுருக்கமாக: அதைப் பொடியாக வாங்காதீர்கள், கிழங்காக வாங்குங்கள். நல்ல மஞ்சளாக இருக்கிற வேறொரு கிழங்கை அதே பெயரில் விற்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர்நிறம்தான், கற்பூர வாசம் தூக்கும், தோலில் கறை ஒட்டாது. எதை வாங்கினாலும் முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு புதுக்கோட்டை வெயிலில் இறங்க வேண்டாம், கொப்புளமும் கருமையும் மிஞ்சும்.

டெல்லியில் இருக்கும் இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கேட்டிருப்பது இரண்டு: 30 கிராம் விலக்கை எடுத்துவிடுங்கள், ‘ஆர்கானிக்’ என்று அச்சடிக்கிறவர் எந்தத் தோட்டம், எந்தச் சான்று என்பதையும் சேர்த்து அச்சடிக்கட்டும். பதில் வந்தால் இங்கேயே முழுதாகப் போடுகிறேன். நீங்களும் எழுதுவதானால், கையிலிருக்கும் டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து இணைத்து அனுப்புங்கள்.