முதல் பெண் பிரதமர் என்றால் மட்டும் போதுமா?

பேச்சுப் போட்டியில் "சாதனை மகளிர்" என்ற தலைப்பு வந்துவிட்டால், இந்திரா காந்தி அம்மையாருக்கு அடுத்தபடியாக மார்கரெட் தாட்சர் அம்மையாரின் பெயர் ஒலிக்காமல் இருப்பதில்லை. பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் என்று முழங்கிக் கைதட்டலும் பெற்றுவிடுகிறோம். அதோடு நின்றுவிடலாகாது என்பதே எங்கள் கருத்து.

அவர் உயர்ந்த விதம் போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. 1925இல் கிராந்தம் என்னும் ஊரில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். கடைக்கு மேல்மாடியே வீடு. ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான சாமர்வில் கல்லூரியில் வேதியியல் பயின்றார். 1950, 1951 ஆகிய இரு தேர்தல்களிலும் தோற்றார். 1953இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானவர், அடுத்த ஆண்டே வழக்கறிஞரானார்! 1959இல் பாராளுமன்றம் புகுந்தார். இந்த விடாமுயற்சியில் பாதி இருந்தாலும் நம்மில் பலர் கணக்குத் தேர்வுக்கு அஞ்சமாட்டோம்.

1979 மே 4ஆம் நாள் பிரதமர் இல்லத்தின் வாசலில் நின்று அவர் கூறிய சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. புனித பிரான்சிஸ் அசிசியாரின் பெயரால் வழங்கும் அமைதி மன்றாட்டே அது. (அது புனிதர் இயற்றியதன்று, 1912இல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் முதலில் வெளிவந்தது என்பர் அறிஞர்.) பிணக்கு நீங்கி இணக்கம் வரவேண்டும் என்று கேட்கும் அந்த மன்றாட்டைக் கொண்டே அவருடைய ஆட்சியை எடைபோடுவது முறையல்லவா?

1982இல் வேலையற்றோர் முப்பது லட்சத்தைத் தாண்டினர். 1984 மார்ச்சில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. ஊதியம் நின்ற அந்தக் கிராமங்களில் பெண்கள் பொதுச் சமையற்கூடம் அமைத்து, குடும்பங்களுக்கு உணவளித்தனர். இறுதியில் தொழிலாளரே தோற்றனர். சுரங்கங்கள் பல மூடப்பட்டன. நலிந்த நாட்டை நிமிர்த்த உறுதி தேவைப்பட்டது என்பாரும் உளர். 1978-79 குளிர்காலத்தில் வேலைநிறுத்தங்களால் தெருக்களில் குப்பைகூட அள்ளப்படாமல் கிடந்ததை எண்ணினால், அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் உறுதி வேறு, இரக்கமின்மை வேறு. 1971இல் கல்வி அமைச்சராக இருந்தபோதே, ஏழு வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தியவர் அவர்!

எங்களை மிகவும் வருத்துவது இன்னொன்று. 1990 வரை பதினோராண்டுகளுக்கு மேல் ஆண்டவர், தம் அமைச்சரவையில் அமர்த்திய பெண் ஒரே ஒருவர்: சீமாட்டி யங். அவரும் இரண்டாண்டுகளுக்குள் விலக்கப்பட்டார். தாம் நுழைந்த கதவைப் பிற பெண்களுக்காகச் சற்றே திறந்து பிடித்திருக்கலாகாதா?

கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர் டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார். 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அணு ஆயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். மாணவியின் அரசியல் ஆசிரியைக்கு உடன்பாடன்று. எனினும் மாணவி பிரதமரானபின் தம் அலுவலகத்தில் ஆசிரியையின் படத்தை மாட்டி வைத்திருந்தார். அந்த நன்றியறிதலுக்காகத் தாட்சர் அம்மையாரை வணங்குகிறோம். ஆனால் நம் பள்ளி ஆய்வுக்கூடச் சுவரில் இருவருள் யாருடைய படத்தை மாட்டலாம் என்று எங்களைக் கேட்டால், எங்கள் வாக்கு ஆசிரியைக்கே.