சார்ஜரைப் பிடுங்காதீர்கள், வரம்பைப் போடுங்கள்

"லேப்டாப்பை எப்பவும் சார்ஜர்லயே போட்டு வெச்சா பேட்டரி செத்துடும்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஃபுல் ஆனதும் தானா நின்னுடும்" என்பது எதிர்க்கட்சி. எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் இந்த இரண்டு கட்சிக்காரர்களையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி.

ஓவர் சார்ஜ் ஆகிவிடும் என்ற பயம் தேவையில்லை. பேட்டரி நிரம்பியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். அதன்பிறகு லேப்டாப் ஓடுவது நேராக கரண்டில்தான். இது எதிர்க்கட்சிக்கு ஒரு மார்க்.

ஆனால் பேட்டரி நிரம்பியே கிடப்பதுதான் பிரச்சினை. 100 சதவீதத்தில் ஒரு லித்தியம் அயான் செல் 4.2 வோல்ட்டிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ நிற்கும். அந்த வோல்டேஜில் உள்ளே உள்ள ரசாயனம் மெல்ல மெல்லச் சிதையும். சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் ஒரு கணக்கு தருகிறது. 40 டிகிரி சூட்டில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், 40 சதவீத சார்ஜில் இருந்த பேட்டரிக்கு 85 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுமாம்; முழு சார்ஜில் இருந்ததற்கு 65தான். நம்ம ஊர் மே மாதத்தில், மெத்தை மேல் வைத்துப் படம் பார்த்தால் 40 டிகிரி எல்லாம் சாதாரணம்.

சரி, சார்ஜரைக் கழற்றிக் கழற்றி மாட்டலாமா? அதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் கரைகிறது. சுத்தமாக வடியவிட்டு ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கான அறிவுரை. லித்தியம் அயான் 1991-லேயே கடைக்கு வந்துவிட்டது. தாத்தாவின் மருந்துச்சீட்டை வைத்துப் பேரனுக்கு மாத்திரை வாங்குகிறோம்!

வழி சுலபம். சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கட்டும். லெனோவோ, அசூஸ், டெல் என்று பல கம்பெனிகளின் லேப்டாப்களில், அவர்களுடைய மென்பொருளிலோ பயாஸிலோ இந்த வசதி இருக்கிறது. ஒருமுறை போட்டுவிட்டால் சார்ஜர் மாட்டியே இருக்கலாம். "20 சதவீதம் வீணாச்சே" என்று கவலைப்படாதீர்கள். மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு அந்த 20 எதற்கு? ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் வரம்பை எடுத்துவிட்டு முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி அதற்காகத்தான் இருக்கிறது.

என் கோபம் கம்பெனிகள் மேல்தான். இவ்வளவு உபயோகமான வசதியை ஏன் நாலு மெனுவுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும்? வாரக்கணக்கில் ப்ளக்கிலேயே இருப்பது லேப்டாப்புக்கே தெரியுமே, "80-ல் நிறுத்தட்டுமா?" என்று அதுவே கேட்டால் என்ன? பல மாடல்களில் பேட்டரியை நாமே கழற்றி மாற்றவும் முடியாது. பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி 18 வரை கெடு கொடுத்தது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும்.

கல்விக்கடனில் வாங்கிய லேப்டாப் நாலு வருடப் படிப்பையாவது தாண்ட வேண்டாமா? மூன்றாம் வருடத்தில் பேட்டரி போனால், புதுசுக்கு ஆகும் செலவு ஒரு மாத மெஸ் பில்லையே முழுங்கிவிடும். ஐந்து நிமிடம் செலவழித்து அந்த மெனுவைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.