வார்ப்புருவில் தர்க்கம் கூடாதா?

பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் வார்ப்புருவில், அதாவது தரவு வந்து நிரம்பவேண்டிய இடங்களை வெற்றாக விட்டு முன்கூட்டியே எழுதிவைக்கப்படும் டெம்ப்ளேட்டில், நிபந்தனை, கணக்கீடு போன்ற தர்க்கம் எதுவும் இருத்தலாகாது என்னும் விதி வலைச் செயலி எழுதுவோரிடையே நெடுங்காலமாக வேதவாக்காக வழங்கிவருகிறது. கணினியியலாளர் டெரன்ஸ் பார் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். 2009இல் வெளிவந்த மஸ்டாஷ் என்னும் வார்ப்புருக் கருவி 'தர்க்கமற்ற வார்ப்புரு' என்பதையே தன் முழக்கமாக்கிக்கொண்டது. தமிழில் பக்கம் அமைப்போருக்கு இந்த விதி வெளிப்படையாகவே தீங்கு செய்கிறது.

வடிவமைப்பாளரும் நிரலரும் ஒருவர் வேலையில் ஒருவர் குறுக்கிடாமல் இயங்கலாம் என்பது இவ்விதியை ஆதரிப்போரின் முதல் வாதம். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு பள்ளிக்கு வலைத்தளம் அமைத்துத் தருபவர் பெரும்பாலும் ஒருவரே என்பதால் இது இங்கே பொருந்தாது. பாதுகாப்பு என்பது இரண்டாவது. பயனர் தந்த எழுத்தைச் சோதிக்காமல் அப்படியே பக்கத்தில் இடுவதே ஊடுருவலுக்குப் பெரும்பாலும் வழிவிடுகிறது, ஒரு நிபந்தனைக் கூற்று அன்று.

தோற்றத்துக்கெனத் தனித் தர்க்கம் கிடையாது என்னும் மூன்றாம் கருத்தே அனைத்துக்கும் வேர். 'மனு இந்த வட்டத்தில் பெறப்பட்டது' என்ற எளிய தொடரை எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை மாற்றாமல் வெற்றிடத்தில் இட்டாலே தொடர் நிறைவுறும். தமிழிலோ பெரம்பலூர் 'பெரம்பலூரில்' என இயல்பாகச் சேர, செந்துறையும் வேப்பந்தட்டையும் யகர உடம்படுமெய் பெற்றுச் 'செந்துறையில்', 'வேப்பந்தட்டையில்' என்றாக, குன்னமும் ஆண்டிமடமும் ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்றுக் 'குன்னத்தில்', 'ஆண்டிமடத்தில்' என்று திரிகின்றன. தர்க்கம் மறுக்கப்பட்ட வார்ப்புரு 'குன்னம்இல்' என்றுதான் அச்சிடும். திரிந்த சொல்லை நிரலே ஆக்கி அனுப்பட்டும் என்பது அவர்களது விடை. அப்படியானால் பக்கத்தில் வரும் தொடர் எந்த வேற்றுமையை வேண்டுகிறது என்பதை மனுக்களைக் கையாளும் நிரல் அறிந்திருக்கவேண்டும் என்றாகிறது, 'குன்னத்தில்' என்பதைக் 'குன்னத்திற்கு' என மாற்றவும் நிரலையே திருத்தவேண்டியிருக்கிறது. தோற்றத்தைத் தூய்மையாக்கப் புறப்பட்டவர்கள் தோற்றத்தின் கவலையைத் தரவுக்குள் கொண்டு புகுத்துகிறார்கள். அரியலூர் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகையை 7,54,894 என நம் வழக்கப்படி காற்புள்ளியிட்டுக் காட்டுவதும் இத்தகைய விதியே. பாரும் தம் கட்டுரையில், மதிப்புகளைக் காட்சிக்கேற்ற எழுத்தாக மாற்றும் 'ரெண்டரர்' என்னும் தனிப்பகுதியைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப எண்ணி, முழுத் தொடரையே கைவிட்டு 'வட்டம்: குன்னம்' என்று முக்காற்புள்ளியிட்டு நிறுத்திக்கொள்ளும் தமிழ்ப் பக்கங்கள் பெருகிவிட்டன, வாசிப்பவர் பெறவேண்டிய வாக்கியம் படிவமாகச் சுருங்குவதை எளிமை என்று ஏற்பதற்கில்லை.

எல்லாத் தர்க்கமும் வார்ப்புருவில் இருக்கட்டும் என்பதன்று. அரியலூர் மாவட்டம் 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் அதனோடு இணைந்து, 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகத் தனியானது. ஆகவே செந்துறையில் 2005இல் பதிவான ஒரு மனுவை எந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்ப்பது என்பதை முடிவுசெய்யும் விதி தரவோடு இருக்கவேண்டியது, அதற்கு வார்ப்புருவில் இடமில்லை. அவ்வூரின் பெயரைச் 'செந்துறையில்' என்று எழுதும் விதியோ, அதுவும் தர்க்கமே ஆயினும், பக்கத்தை எழுதுபவரின் கையில் இருக்கவேண்டியது.