சொந்தக் குடிசைக்கு வாடகை கேட்டவன் யார்?



நாளைக் காலை நீங்கள் கடையைத் திறக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவன் துப்பாக்கிக்காரர்களோடு வந்து நிற்கிறான். "இந்தக் கடையை உன் பாட்டன் கட்டியிருக்கலாம். இனி இதற்கு வருடந்தோறும் எனக்குப் பணம் கட்டு. கட்டாவிட்டால் கொளுத்துவேன்" என்கிறான். என்ன செய்வீர்கள்? மாலை போட்டு வரவேற்பீர்களா?

மாட்டீர்கள். ஆனால் இதே நிலையில் எதிர்த்து நின்ற ஆப்பிரிக்க மக்களைப் பற்றிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே கேட்கிறார்கள்: "ரயிலும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்த வெள்ளைக்காரனை அவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? அறியாமையா? மதவெறியா?"

இந்தக் கேள்விக்குள் இருப்பது வெள்ளையன் எழுதி வைத்த பதில். உண்மையான பதிலைக் கணக்குப் புத்தகத்தில் தேடுவோம். வியாபாரிகளுக்குக் கணக்கு புரியும்.

5 ஷில்லிங் போர்

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கான விதிகளை வகுத்தார்கள். அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கருக்குக்கூட நாற்காலி இல்லை. வீட்டுக்காரனைக் கேட்காமல் வீட்டைப் பாகப்பிரிவினை செய்த அதிசயம் அது!

1896-ல் சியரா லியோனின் உட்பகுதியைத் தன் 'பாதுகாப்பில்' எடுத்துக்கொண்டதாக பிரிட்டன் அறிவித்தது. யார் கேட்டார்கள் பாதுகாப்பு? அந்தப் பாதுகாப்புக்கான செலவை ஈடுகட்ட, 1898 முதல் குடிசைக்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங் வரி. அந்த மக்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? ஒரு வீட்டுக்கு வருடந்தோறும் ஒருவனுக்குப் பணம் கட்டினால், அந்த வீடு அவனுடையது என்று பொருள். அதாவது, தாங்களே மண் குழைத்துக் கட்டிய வீட்டில் தாங்களே குடிக்கூலிக்காரர்கள்!

அவர்கள் உடனே ஆயுதம் எடுக்கவில்லை. மனுப் போட்டார்கள், தலைவர்கள் ஃப்ரீடவுனுக்கே போய் முறையிட்டார்கள். கவர்னர் கார்ட்யூ அசையவில்லை. தலைவர்களைக் கைது செய்தார்கள். அதன் பிறகுதான் தெம்னே மக்களின் தலைவர் பாய் புரே எழுந்தார். மாதக்கணக்கில் பிரிட்டிஷ் படையைத் திணறடித்தார். படை கிராமம் கிராமமாகக் கொளுத்தியது. 1898 நவம்பரில் அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெண்டே மக்களின் பகுதியில் வெடித்த கிளர்ச்சியில் ஒரு பாவமும் அறியாத கிரியோல் வியாபாரிகளும் குடும்பங்களும் கொல்லப்பட்டார்கள். அது அநீதி. அநீதியை யார் செய்தாலும் அநீதிதான்.

ஆனால் போருக்குக் காரணம் என்ன? நாம் சொல்ல வேண்டாம். பிரிட்டன் அனுப்பிய விசாரணை ஆணையர் டேவிட் சால்மர்ஸே குடிசை வரிதான் முதன்மைக் காரணம் என்று அறிக்கை தந்தார். வரியை நீக்கச் சொன்னார். லண்டன் அந்த அறிக்கையை ஓரங்கட்டியது. வரி நீடித்தது. இப்போது சொல்லுங்கள், அறியாமை யாருக்கு?

பருத்தியும் சாட்டையும்

இன்றைய தான்சானியாவில் அன்று ஜெர்மானியர் ஆட்சி. தன் வயலை விட்டுவிட்டு, ஆட்சியாளரின் ஏற்றுமதிக்காகப் பருத்தி பயிரிட வேண்டும். கூலியோ அற்பம், மறுத்தால் சாட்டையடி. 1905 ஜூலையில் மத்தும்பி மலைப்பகுதி மக்கள் முதலில் செய்தது என்ன? பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள்! மஜி மஜி எழுச்சி அப்படித்தான் தொடங்கியது.

'மஜி' என்றால் சுவாஹிலி மொழியில் தண்ணீர். மந்திரித்த நீர் துப்பாக்கிக் குண்டைத் தண்ணீராக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அது பொய்யான நம்பிக்கை. பல்லாயிரம் உயிர்களைப் பறித்த நம்பிக்கை. ஆனால் தண்ணீருக்காகவா போரிட்டார்கள்? வயலுக்காகவும் வயிற்றுக்காகவும் போரிட்டார்கள்.

ஜெர்மானியர் விளைச்சலையும் களஞ்சியங்களையும் எரித்துப் பஞ்சத்தையே ஆயுதமாக்கினார்கள். மாண்டவர்கள் ஜெர்மன் கணக்கில் 75,000. வரலாற்றாசிரியர்கள் சிலரின் மதிப்பீட்டில் 3 லட்சம் வரை. 118 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், ஜெர்மனியின் அதிபர் ஸ்டைன்மையர் சோங்கேயா நகருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

சகோதரர்களே, இதையும் கேளுங்கள். ஜெர்மானியருக்காக வரி வசூலித்து சாட்டை பிடித்த 'அக்கிடா'க்களில் பலர் கடற்கரை முஸ்லிம்கள்! எதிர்த்துப் போராடியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். எங்கே போனது 'மதவெறி'க் கதை? ஒரு பக்கம் அநியாயம், மறுபக்கம் அதற்கு இரையானவர்கள். அவ்வளவுதான். நம் பெயர் வைத்தவன் என்பதற்காக அநியாயக்காரனின் கையாள் நம்மவனாகிவிட மாட்டான்.

கிணற்றை அடைத்தவர்கள்

உமர் முக்தாரை நீங்கள் அறிவீர்கள். குர்ஆன் கற்றுக்கொடுத்த ஆசிரியர். எழுபது வயது முதியவரை 1931 செப்டம்பர் 16 அன்று சுலூக்கில், தம் மக்களின் கண்ணெதிரே இத்தாலியர் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் என்ன நடந்தது? கிணறுகளை அடைத்தார்கள். சுமார் 1 லட்சம் பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். எகிப்து எல்லையில் சுமார் 270 கிலோமீட்டர் முள்வேலி போட்டார்கள். எதற்காக? 1938-ல் ஒரே தவணையில் 20,000 இத்தாலியரைக் கப்பலேற்றி லிபியாவில் குடியமர்த்தினார்களே, அதற்காக! கேட்டது நிலம், சொன்னது நாகரிகம்.

"அடிமை முறையை ஒழித்தார்களே!"

ஆப்பிரிக்காவில் அடிமை முறை இருந்தது உண்மை. பிரெஞ்சுப் படையை 16 ஆண்டுகள் எதிர்த்த சமோரி தூரே, வியாபாரியாக வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம் மன்னர். அவரும் கைதிகளை விற்றுக் குதிரையும் ஆயுதமும் வாங்கினார். இதற்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். ஆனால் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கரை அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றியது யார்? பிரெஞ்சு ஆட்சியில் கட்டாய உழைப்பு சட்டப்படி நீக்கப்பட்டது 1946-ல்தான்! காங்கோ-பெருங்கடல் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்த ரயில் யாருக்காக ஓடியது? உள்நாட்டுச் செல்வத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக!

இளைஞர்களே! யாராவது ஒரு மக்களைச் சுட்டி 'வெறியர்கள்', 'அறிவிலிகள்' என்றால், உடனே தலையாட்டாதீர்கள். அவர்களிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது, எவ்வளவு எடுக்கப்பட்டது, எடுத்தவன் யார் என்று கேளுங்கள். வியாபாரிகளே! வரவு மட்டும் எழுதிச் செலவை மறைத்த பேரேட்டை நீங்கள் ஏற்பீர்களா? ஐரோப்பா நீட்டும் பேரேட்டில் ரயிலும் பள்ளிக்கூடமும் வரவில் இருக்கின்றன. குடிசை வரியையும் பருத்தி வயலையும் அடைபட்ட கிணற்றையும் எதிர்ப் பக்கத்தில் நாம் எழுதுவோம். பிறகு கூட்டிப் பார்ப்போம்.