கடலைத் தாண்டிய கேபிள் தெருவைத் தாண்டட்டும்!

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கும் பரபரப்பு மார்கழி வரை ஓயாது.

"எங்கள் கடைப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்" என்பார் மளிகைக் கடைக்காரர். "போன் நம்பர் தப்பு, மாற்றுங்கள்" என்பார் நகைக் கடைக்காரர். ஒவ்வொரு முறையும் படத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும்.

பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளைஞர். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஜி.பி. வருகிறது. அதாவது 8 ஆயிரம் மெகாபிட்.

நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி 6 நிமிடம்! நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 80 நொடி!

ஒரே நாளில் நான்கு திருத்தம் வந்தால் என்ன செய்வார்? பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். பஸ் கட்டணம் போகட்டும். அரை நாள் வேலை போய்விட்டதே, அதற்கு யார் கூலி கொடுப்பது?

2 மெகாபிட் என்று நாம் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லவில்லை. 2023-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசே போட்ட அளவு அது. குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் "பிராட்பேண்ட்" என்று சொல்லலாம் என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்பு அரை மெகாபிட் இருந்தாலே போதும் என்றிருந்தது!

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 2 மெகாபிட், நமக்கு வந்து சேரும் வேகம். நாம் அனுப்பும் வேகம் அல்ல. சினிமா பார்ப்பவருக்கு வரும் வேகம் போதும். தொழில் செய்பவருக்கு அனுப்பும் வேகமும் வேண்டும். புது இணைப்பு வாங்குகிறவர்கள் "அனுப்பும் வேகம் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வரும் வேகம்தான்.

கண்ணாடிக்குள் வெளிச்சம்

பழைய டெலிபோன் லைன் செம்புக் கம்பி. அதில் மின்சாரமாகச் செய்தி போகும். தூரம் போகப் போக அது சோர்ந்துவிடும்.

இப்போது போடுவது "பைபர்" கேபிள். தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. ஒரு நொடியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும்! இழையை ஒரு தடவை புதைத்துவிட்டால் போதும். பிறகு வேகத்தைக் கூட்ட மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும்.

"செல்போன்தான் இருக்கிறதே, கேபிள் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டீக்கடையில் பணம் வாங்கச் செல்போன் போதும். ஆனால், ஒரு கோபுரத்தின் வேகத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. கோபுரம் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கே பைபர் கேபிள் வேண்டும்.

கடலுக்கு அடியில்

நல்ல கேபிள் வந்தால் வியாபாரம் எப்படி மாறும் என்பதற்கு அந்தமானைப் பார்க்க வேண்டும்.

2020-ம் ஆண்டு வரை அந்தத் தீவுகளுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகத்தான் போனது. செலவு அதிகம், வேகம் குறைவு. அந்தத் தீவுகளில் உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் பலர். தங்கும் விடுதியின் அறையைச் சென்னையில் இருந்தோ மும்பையில் இருந்தோ பதிவு செய்ய வேண்டும். பயணி கார்டை நீட்டினால் எந்திரம் பணத்தை வாங்க வேண்டும். லைன் விழுந்தால் வியாபாரமும் விழுந்தது!

2018 டிசம்பரில் வேலை தொடங்கியது. சென்னையில் இருந்து கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். செலவு சுமார் ரூ.1,224 கோடி. 2020 ஆகஸ்டு 10-ந் தேதி திறந்தார்கள். போர்ட் பிளேருக்கும் (இன்றைய பெயர் ஸ்ரீவிஜயபுரம்) மற்ற சில தீவுகளுக்கும் அதன் வழியே அதிவேக இன்டர்நெட் போனது.

இரண்டு வருடத்துக்குள் கடலைத் தாண்டிவிட்டோம்!

பஞ்சாயத்து வரை

இனிக் கரைக்கு வருவோம்.

நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் பைபர் கேபிள் கொண்டுபோக 2011 அக்டோபரில் மத்திய அரசு முடிவு செய்தது. "பாரத்நெட்" என்ற திட்டம் அதுதான். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்கு கேபிள் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 12 ஆயிரத்து 500-க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்காக மாநில அரசு தனி நிறுவனமே அமைத்திருக்கிறது. இது சின்ன வேலை அல்ல, பாராட்ட வேண்டும்.

ஆனால், கேபிள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்தால் போதுமா? அங்கே இருந்து முந்நூறு அடி தள்ளி இருக்கும் பட்டறைக்கும் அரிசி ஆலைக்கும் வர வேண்டாமா?

வெளிமாநிலத்துக்கு ரூ.50 ஆயிரத்துக்கு மேல் சரக்கு அனுப்புகிறவர் இன்டர்நெட்டில் "இ-வே பில்" எடுக்க வேண்டும் என்று 2018-ல் சட்டம் வந்தது. ஜி.எஸ்.டி. கணக்கும் இன்டர்நெட்டில்தான். சட்டம் கடைவாசலுக்கு வந்துவிட்டது. கேபிள் மட்டும் பாதி வழியில் நின்றால் எப்படி?

பாதி வழியில் நின்றால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 90 சதவீத வீடுகளுக்கும் கடைகளுக்கும் பைபர் கேபிளே போடுவது என்று அந்த நாடு 2009-ல் திட்டம் போட்டது. 2013-ல் ஆட்சி மாறியது. செலவைக் குறைக்க, பல இடங்களில் தெரு வரை பைபர், அப்புறம் பழைய செம்புக் கம்பி என்று மாற்றினார்கள். வேகம் போதவில்லை. 2020-ல் மறுபடி பைபர் போட, மற்ற மேம்பாடுகளையும் சேர்த்து, 450 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு செலவு!

நமக்கு அந்த நிலை வேண்டாம். 2023 ஆகஸ்டில் பாரத்நெட் திட்டத்துக்குச் சுமார் ரூ.1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ஒதுக்க மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்டது. கேட்கிற கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பதும் அதில் அடங்கும். அதில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது நம் யோசனை. அவர்கள் மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுவார்கள். கட்டணம் வந்தால்தான் கேபிளைப் பராமரிக்க முடியும்.

பொக்லைன் பயம்

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சாலை போட, குடிநீர்க் குழாய் பதிக்க, பொக்லைன் எந்திரம் வருகிறது. ஒரே வாரில் கேபிள் அறுகிறது. ஊர் முழுவதும் இருட்டு அல்ல, ஆனால் கடைக்காரருக்கு அதுவும் இருட்டுதான்.

தோண்டுவதற்கு முன்பு கேபிள்காரர்களுக்குத் தகவல் கொடுக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செல்போன் செயலியைத் தொடங்கியது. தகவல் கொடுத்துவிட்டுத்தான் தோண்டினேன் என்று காட்டாத ஒப்பந்தக்காரருக்கு பில் பாஸ் செய்யக்கூடாது. இதற்குப் புதுச் செலவு ஒன்றும் இல்லை. அதிகாரிகள் மனம் வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

புதிய திட்டத்தில் கேபிளை வளையமாகப் போடுகிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக வேலை நடக்கும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்து கடைக்குப் போகிற லைன் ஒற்றை லைன்தானே? அது அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்து கொடுப்பார்கள், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தமிழில், தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி.